செட்டிநாட்டு வீட்டுப் பழைய படங்கள்: கோளாறு பார்த்துக் கைவைக்கும் வழி

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊரில் வீட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு மூன்று போன் வந்துவிடும். "அண்ணே, ஐயா படம் செக்கச்செவேல்னு ஆயிருச்சு, என்ன செய்யிறது?" என்பார் ஒருவர். "பட்டாலையில மாட்டியிருந்த கல்யாணப் படம் வெளுத்தே போச்சு" என்பார் இன்னொருவர். படம் எந்த வருஷம் எடுத்தது என்று நான் அப்புறம்தான் கேட்பேன். முதலில் கேட்பது, இத்தனை காலமும் அது எங்கே இருந்தது என்று. நடு முற்றமான வளவைப் பார்த்த சுவரிலா, உள் அறைப் பெட்டகத்திலா, மச்சில் தகரப் பெட்டிக்குள்ளா?

காரணம் இருக்கிறது. வெளிச்சத்தில் கெட்ட கலர் படமும் இருட்டில் கெட்ட கலர் படமும் ஒரே மாதிரி கெடுவதில்லை. நம் வீடுகளில் இரண்டுக்கும் தாராளமாக இடம் உண்டு. வளவில் நாள் முழுக்க வானத்து வெளிச்சம் கொட்டும். உள் அறைக்குள் நுழைந்தால் பட்டப்பகலிலும் விளக்கைத் தேட வேண்டும். அதனால் படம் இருந்த இடம் தெரிந்தாலே பாதி வைத்தியம் தெரிந்த மாதிரி.

எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒரு வேலை. படம் இருக்கிற நிலையிலேயே, சட்டத்தோடு, பின்பக்கத்தோடு, செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய்க் கை ஆகவே ஆகாது. தண்ணீர், ரப்பர், ஸ்பிரிட், பஞ்சு எதுவும் பக்கத்தில் இருக்க வேண்டாம். ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதை என் அப்பத்தா படத்தின் கதையில் சொல்கிறேன்.

கலர் படம் முழுக்கச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது

இது இருட்டில் வந்த கேடு. பெரும்பாலும் 1960-களிலிருந்து 80-களின் தொடக்கம் வரை போட்ட பிரிண்டுகளுக்கு வரும். கலர் பிரிண்டில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன: மஞ்சள், மெஜந்தா, சயான். சயான் என்பது பச்சை கலந்த நீலம். அந்தக் காலத்துத் தாள்களில் சயான்தான் நோஞ்சான். வெளிச்சமே படாமல் பெட்டிக்குள் கிடந்தாலும், சூடு இருந்தால் அது மெல்லக் கரைந்துபோகும். மிஞ்சிய மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்தால் சிவப்பு. ஓட்டுக்குக் கீழே மச்சில், சித்திரை வைகாசி வெயிலில், தகரப் பெட்டிக்குள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

போன சாயத்தை அந்தத் தாளில் திரும்ப வரவைக்க ஒரு மருந்தும் கிடையாது. யாராவது திரவம் தடவிச் சரிசெய்து தருகிறேன் என்றால் படத்தைக் கொடுக்காதீர்கள். ஆனால் சயான் முழுவதுமாகப் போயிருக்காது, கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேன் செய்து அந்த மிச்சத்தைத் தூக்கிப் பிடிக்கலாம்.

ஸ்கேனரில் 48 பிட் கலர், டிஃப் (TIFF) கோப்பு, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) என்று வையுங்கள். தானாகவே நிறம் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். சிவந்த படத்தை அது இன்னும் குழப்பும். பிறகு கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் திறந்து, லெவல்ஸ் பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களின் வரைபடத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்புச் சேனலின் மேடு முழுக்க வலப்பக்கம் ஒதுங்கி, ஒடுங்கிக் கிடக்கும். இடது முனையில் இருக்கும் கறுப்பு முள்ளை அந்த மேடு தொடங்குகிற இடத்துக்கு நகர்த்துங்கள். படம் சட்டென்று மூச்சுவிடும். பச்சைக்கும் நீலத்துக்கும் இதையே கொஞ்சமாகச் செய்யுங்கள். பாதிப் படம் இதிலேயே தேறிவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு ஆதாரம் வேண்டும்: நிஜத்தில் அந்த நிறம் என்ன? இங்கேதான் செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். படத்தில் நிற்பவர்கள் போயிருக்கலாம், அவர்கள் நின்ற தரை இன்னும் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லின் நிறம் மேல்பூச்சு இல்லை. கண்ணாடிமேல் ஊற்றி வார்த்த சிமெண்டிலேயே கலந்த நிறக்கலவை. சூளையில் சுடுவதும் இல்லை. நடந்து தேய்ந்திருக்கும், ஆனால் மூலையில் கட்டிலுக்கு அடியில் இருக்கிற கல்லைப் பாருங்கள், பழைய நிறத்திலேயே இருக்கும். அதைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, ஸ்கேனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துங்கள். நான் இப்படித் திருத்திய ஒரு சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாணம்) படத்தில், தரையின் பச்சை சரியானதும் முகங்கள் தாமாகவே சரியாகிவிட்டன.

வெள்ளை வேட்டியை வைத்துத் திருத்தலாமே என்று தோன்றும். திருத்தலாம், ஆனால் சலவைக்கு நீலம் போட்ட வேட்டி அது. அதைச் சுத்த வெள்ளையாக்கினால் எல்லார் முகத்திலும் மஞ்சள் பூசியதுபோல ஆகும். லேசான நீலம் நிற்கட்டும்.

சேலை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கண்டாங்கிச் சேலையே அரக்கு, செங்கல், கடுகு என்று போகும். சிவந்த படத்தில் சேலை சிவப்பாகத் தெரிந்தால் அது சேலையின் சிவப்பா, படத்தின் சிவப்பா? பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் அந்தச் சேலையே மடித்தபடி இருக்கும்.

கலர் படம் வெளுத்து, நீலமோ பச்சையோ பாரித்திருக்கிறது

சுவரில் இருந்த படம். வெளிச்சத்தில் பெரும்பாலும் முதலில் போவது மெஜந்தா. முகத்தில் ரத்த ஓட்டமே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

சட்டத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றி, மரச்சட்டம் மறைத்திருந்த ஓரத்தைப் பாருங்கள். கால் அங்குல அகலத்துக்கு ஒரு கோடுபோலப் பழைய நிறம் பிழைத்திருக்கும். திருத்துவதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஸ்கேன் செய்யும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். பலர் செய்யும் தவறு இது, அழகாக இருக்க வேண்டும் என்று.

திருத்திய பிறகு, சுவரில் நகலை மாட்டுங்கள். அசல் உறைக்குள் போகட்டும்.

1930-ல் ரங்கூனில் எடுத்த "கலர் போட்டோ" உரிகிறது

அது கலர் போட்டோ இல்லை. காகிதத்தில் கலர் பிரிண்ட் போட்டுத் தரும் கோடாகலர் வந்ததே 1942-ல். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வியாபாரத்துக்கு, போன இடத்தில், ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ, ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, மேலே ஓவியர் வண்ணம் தீட்டிய படம் அது.

கண்டுபிடிப்பது எளிது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நகை, சரிகைக் கரை, உதடு ஆகிய இடங்களில் வண்ணம் மேடிட்டுத் தெரியும். தூரிகைக் கீற்று தெரியும். கழுத்துரு என்னும் தாலி மாலையில் ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனியாக மஞ்சள் பொட்டு வைத்திருப்பார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால், முகத்தில் போட்டோவின் நுணுக்கம் இருக்கும், பின்னால் தொங்கும் திரை முழுக்க ஓவியமாக இருக்கும்.

இப்போது என் அப்பத்தா படம். கண்ணாடி உடைந்துவிட்டது என்று சட்டத்திலிருந்து எடுத்தேன். மேலே நாற்பது வருஷத்துத் தூசி. ஈரத்துணியால் லேசாக ஒரு இழுப்புதான். அப்பத்தாவின் சேலைச் சிவப்பு துணியில் வந்துவிட்டது, படத்தில் சேலை சாம்பல் நிறமானது. அது நீர்வண்ணம். அந்தத் துணியை இன்னும் வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை.

ஆகவே, தீட்டிய படத்துக்கு ஈரம் கூடாது. எண்ணெய் வண்ணமாக இருந்தால் வெடித்துச் செதிலாகியிருக்கும், தூரிகைகூட வேண்டாம். படுக்கவைத்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள், ஸ்கேனரில் கவிழ்க்காதீர்கள். உதிர்ந்த செதிலை ஒரு தாள் உறையில் போட்டுப் படத்தோடு வையுங்கள். ஒட்டுவது பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநர் வேலை; சட்டக் கடைக்காரர் வேலை இல்லை.

இன்னொன்று. இந்தப் படங்களில் உள்ள நிறத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சேலை பச்சையா நீலமா என்பது ஓவியர் மனசு. "ஆயா கல்யாணத்துக்குக் கத்தரிப்பூக் கலர் கட்டியிருக்கு" என்று சண்டை போட்டுக்கொண்ட இரண்டு ஆச்சிகளை எனக்குத் தெரியும். தீர்ப்புச் சொல்ல நான் மறுத்துவிட்டேன்.

ஸ்லைடு பெட்டியில் சில நேற்று எடுத்ததுபோல், சில ரோஜா நிறத்தில்

ஒரே பெட்டி, ஒரே இருட்டு, ஒரே சூடு. பிலிம்தான் வேறு. அட்டைச் சட்டத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள்.

கோடாகுரோம் என்று இருந்தால் தப்பியது அதுதான். 1935-ல் சினிமா பிலிமாக வந்து, அடுத்த வருஷம் 35 மி.மீ. ஸ்லைடுக்கும் வந்தது. கண்டுபிடித்த லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கோடோவ்ஸ்கி இருவரும் இசைக்காரர்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. மற்ற பிலிம்களில் சாயத்தை உண்டாக்கும் பொருள் பிலிமுக்குள்ளேயே இருக்கும். கோடாகுரோமில் அதைக் கழுவும்போதுதான் சேர்ப்பார்கள். கழுவி முடித்ததும் மிச்சம் எதுவும் உள்ளே தங்காது. இருட்டில் அது நிலைத்திருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: புரொஜெக்டர் வெளிச்சம். இருட்டில் அறுபது வருஷம் தாங்கியதைப் பொங்கலுக்குப் பொங்கல் சுவரில் போட்டுக் காட்டிக் கெடுத்துவிடாதீர்கள். ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, அதை டிவியில் போடுங்கள்.

சிவந்தது அல்லது ரோஜாவானது பழைய எக்டாகுரோம், ஆர்வோ போன்றவையாக இருக்கும். 1946-ல் வந்த எக்டாகுரோமின் தொடக்க கால வகைகள் மங்கக்கூடியவை. 1970-களின் பிற்பகுதியில் வந்த ஈ-6 என்ற கழுவும் முறையிலிருந்து நிலைமை நன்றாகத் தேறியது. ஆர்வோ என்பது கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் ஆலைப் பிலிம், 1964-லிருந்து அந்தப் பெயர். நம் ஊர்க் கடைகளில் ஒரு காலத்தில் நிறையக் கிடைத்தது. திருத்துவது சிவந்த பிரிண்டுக்குச் சொன்ன அதே வழிதான்.

ஸ்கேன் செய்யும்போது கோடாகுரோம் விசித்திரமாக ஓட்டை விழுந்ததுபோல் வருகிறதா? ஸ்கேனரில் அகச்சிவப்பு ஒளியால் தூசி நீக்கும் வசதி ஓடிக்கொண்டிருக்கும், அதை அணையுங்கள். கோடாகுரோமின் சாயம் அந்த ஒளியைக் கொஞ்சம் தடுக்கும். இயந்திரம் அதையும் தூசி என்று நினைத்துக்கொண்டு தின்றுவிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் அது அறவே கூடாது, அங்கே உருவமே வெள்ளியால் ஆனது, அதுவும் அந்த ஒளியைத் தடுக்கும்.

மேசைமேல் கறுப்பாக, தூக்கிப் பிடித்தால் மங்கலாகக் கலர்

கண்ணாடித் தகடாகவோ பிலிமாகவோ இருக்கலாம். அபூர்வம், ஆனால் வெளிநாட்டில் தொழில் செய்தவர் வீட்டில் கிடைக்காது என்று சொல்ல முடியாது. உருப்பெருக்கியை வையுங்கள். ஒழுங்கில்லாமல் சிதறிய நிறப் புள்ளிகள் கண்ணாடியில் தெரிந்தால் ஆட்டோகுரோம். லூமியேர் சகோதரர்கள் 1907-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. புள்ளிகள் வேறொன்றும் இல்லை, உருளைக்கிழங்கு மாவு. ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று சாயமேற்றித் தகட்டில் தூவி, இடைவெளியைக் கரித்தூளால் அடைத்திருப்பார்கள். பிலிமில் கோலம் போட்டதுபோல் ஒழுங்கான கட்டம் தெரிந்தால் அது டஃபேகலர், 1930-களைச் சேர்ந்தது.

இரண்டிலும் வெளிச்சம் நிறச் சல்லடை வழியாக வர வேண்டும், அதனால்தான் இருட்டாகத் தெரிகிறது. கெட்டுப்போனதால் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டுங்கள், பலகணியில் சாய்த்து வைக்காதீர்கள். எல்இடி விளக்குப் பலகைமேல் ஒரு நிமிஷம் வைத்து, கேமராவில் எடுத்துவிட்டு, உறைக்குள் போடுங்கள். ஆட்டோகுரோமுக்கு ஈரமும் சூடும் ஆகாது. டஃபேகலரை ஸ்கேன் செய்ததும் அலையலையாகக் கோடு வந்தால், ஸ்கேனரின் கட்டமும் பிலிமின் கட்டமும் மோதுகின்றன என்று பொருள். டிபிஐயை 4000 போல ஏற்றி எடுத்து, பிறகு படத்தைச் சிறிதாக்குங்கள்.

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது

முன்னோர் படங்களில் அதிகம் பார்ப்பது இதுதான். ஈர மாலையை மேல் சட்டத்தில் தொங்கவிடுகிறோம். சந்தனம் கரைத்துக் கண்ணாடியில் பொட்டு வைக்கிறோம். அந்த ஈரம் சட்டத்தின் இடுக்கு வழியாக இறங்கும். படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின், அதாவது ஒரு வகைப் பசை. ஈரம் பட்டுக் காய்ந்தால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்.

இழுக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். தண்ணீரில் ஊறப்போட்டால் தானாக விடும் என்று சொல்லும் கைவைத்தியமும் வேண்டாம். சில படத்துக்கு விடும், சில படத்துக்கு ஜெலட்டினே கரைந்துவிடும், எது என்று முன்கூட்டித் தெரியாது. கண்ணாடியோடேயே நகல் எடுங்கள். இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி, நீங்களும் கறுப்புச் சட்டை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எடுத்து, படத்துக்குள் என்னையே பார்த்திருக்கிறேன். ஸ்கேனரில் வைப்பதானால் சிசிடி என்னும் தடித்த வகை ஸ்கேனர் வேண்டும். மெல்லிய சிஐஎஸ் வகைக்குக் கண்ணாடியின் தடிமன் அளவுக்கு ஆழம் கிடைக்காது, மங்கலாக வரும்.

இனி மாலை போடும் படங்களுக்குக் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை ஓரம் கொடுத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். பின்பலகைக்கு நடுவே பழைய செய்தித்தாள் இருந்தால் எடுத்துவிடுங்கள், அதன் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும். எடுத்த தாளைத் தூக்கி எறிவதற்கு முன் தேதியைப் பாருங்கள், சட்டம் போட்ட வருஷம் தெரிந்துவிடும்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் ஓரத்தில் கண்ணாடிபோல் பளபளப்பு

வெள்ளி மேலே வந்துவிட்டது. கறுப்பான இடங்களில் நீலப் பளபளப்பாகத் தெரியும். தேய்க்காதீர்கள், அது படத்தின் உடம்பு. வெளிச்சத்தின் கோணத்தை மாற்றி நகல் எடுத்தால் போதும், பளபளப்பு நகலில் விழாது.

வெள்ளைப் பூஞ்சை, பூச்சி அரித்த ஓட்டை

ஐப்பசி கார்த்திகை மழையில் பூட்டிய வீட்டுக்குள் பூஞ்சை வரும். பூஞ்சை பிடித்த ஜெலட்டின் தண்ணீரில் எளிதில் கரையும், அதனால் கழுவவே கூடாது. வற்றல் காயவைப்பதுபோல் மொட்டை மாடி வெயிலிலும் போடாதீர்கள், சுருண்டுகொள்ளும். சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு டப்பாவில் சில நாள் வைத்துக் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். தீட்டிய படமானால் அதுவும் வேண்டாம்.

ராமபாணப் பூச்சிக்கு ஜெலட்டின் விருந்து. ஆல்பத்தைச் சுவரோடு ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில் வைக்காமல் இருந்தாலே பாதி தீரும். அந்துருண்டையைப் படத்தோடு சேர்த்துப் போட வேண்டாம்.

பசைத்தாள் மேல் பிளாஸ்டிக் விரித்த 80-களின் ஆல்பமானால், படத்தைப் பிய்க்காமல் பல் இடுக்கு நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுங்கள். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் செய்த படத்துக்கு வழி இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு சித்தப்பா நல்லெண்ணத்தில் பதினேழு படங்களைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டார். மேலோட்டமாக ஸ்கேன் எடுத்ததோடு சரி.

பெட்டியைத் திறந்தால் புளித்த காடி வாசம்

அசிடேட் பிலிம் சிதைகிறது. நெகட்டிவ், 8 மி.மீ., 16 மி.மீ. வீட்டுச் சினிமாச் சுருள் எல்லாவற்றுக்கும் வரும். அந்த வாசம் அசிட்டிக் அமிலம், மற்றப் பிலிமையும் தூண்டிவிடும். வாசம் வருவதை உடனே தனியே பிரித்து, காற்றோட்டமான அட்டைப் பெட்டிக்கு மாற்றுங்கள். பிலிம் சுருங்கிவிட்டால் இயந்திரத்தில் ஓடாது, ஆகவே ஸ்கேன் வரிசையில் இதற்குத்தான் முதலிடம், சிவந்த படத்துக்கு இல்லை.

35 மி.மீ. பிலிம், 1950-க்கு முந்தியது, ஓரத்தில் 'சேஃப்டி' என்ற ஆங்கில எழுத்து இல்லை, பழுப்பேறிப் பிசுபிசுக்கிறது என்றால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். தீப்பிடித்தால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. கொளுத்திப் பார்த்துச் சோதிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தேக்குமர வீட்டுக்குள் வைக்காமல், குளிர்ச்சியான தனி இடத்துக்கு மாற்றிவிட்டு, திரைப்பட ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். 8 மி.மீ.யும் 16 மி.மீ.யும் எப்போதுமே சேஃப்டி பிலிம்தான், அவற்றில் இந்தப் பயம் இல்லை.

பெட்டகத்தில் கழுவாத ரோல்

முதலில் ரோலின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள், இழுத்துப் பார்க்காதீர்கள். சி-41 என்ற கழுவும் முறையின் பெயர் இருந்தால் 1972-க்குப் பிறகு வந்தது, கலர் நெகட்டிவ் கழுவும் லேபில் இன்றும் கழுவலாம். நிறம் ஓரளவுதான் வரும். சி-22 என்றால் அதற்கு முந்திய முறை, பழைய மருந்து கிடைக்காததால் கறுப்பு வெள்ளையாகக் கழுவிக் கொடுப்பார்கள். கறுப்பு வெள்ளை ரோல், ஊட்டியில் செய்த இந்து பிலிம் உள்பட, அனுபவமுள்ள கையில் கொடுத்தால் உருவம் வர வாய்ப்பு நன்றாகவே உண்டு.

கோடாகுரோமானால் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். தயாரிப்பு 2009-ல் நின்றது, கடைசியாகக் கழுவிக்கொண்டிருந்த அமெரிக்க லேப் 2010 டிசம்பர் 30-ஓடு ரோல் வாங்குவதை நிறுத்தியது. இனி அதிலிருந்து கலர் வராது, கறுப்பு வெள்ளையாக மட்டும் எடுக்கலாம். எங்கள் பெரியப்பா பெட்டியில் அப்படி ஒன்று இருக்கிறது. மூடியில் பென்சிலில் "பினாங்கு, தைப்பூசம்" என்று அவர் கையெழுத்து. அங்கே தண்ணீர்மலை முருகன் கோயில் காவடியைக் கறுப்பு வெள்ளையில் பார்க்கச் சம்மதமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "கழுவப்பா, ஆள் தெரிஞ்சாப் போதும்" என்றார்.